தனியே தவறாத பந்து ஆட்டத்தில் தவறுவது ஏன்? ஒரு பாயிண்ட் கார்டின் பந்துக் கட்டுப்பாடு குறித்த நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

இந்த ஆய்வுக்கு உரியவர் 16 வயதுக் கூடைப்பந்து வீராங்கனை. வலக்கைப் பழக்கம் உள்ளவர். சில ஆண்டுகளாகப் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தை முன்னே கொண்டுசென்று ஆட்டத்தை வழிநடத்துபவராக, ஆடி வருபவர். வயதில் சிறியவர் என்பதால் அவருடைய பெயரும் அணியின் பெயரும் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன. பந்தைக் கால்களுக்கிடையே எட்டு வடிவில் சுற்றுவது, முதுகுக்குப் பின்னால் கைமாற்றுவது, இரண்டு பந்துகளை ஒரே சமயத்தில் தட்டுவது என்று பந்துக் கட்டுப்பாட்டுக்காகப் பொதுவாகச் சொல்லித்தரப்படும் பயிற்சிகள் அனைத்தையும் நின்ற இடத்தில் அவர் பிசகின்றிச் செய்வார். பயிற்சி நேரத்தில் அவரை முதன்முதலாகப் பார்க்கும் எவரும் அந்த அணியில் பந்து அவர் கையில்தான் பத்திரமாக இருக்கும் என்றே எண்ணுவார்கள்.

போட்டிகளில் நடந்தது வேறு. எதிரணி கோர்ட் முழுவதும் நெருக்கிப் பிடிக்கும் பிரஸ் ஆட்டத்தைத் தொடங்கியதும் அவர் பந்தை இழப்பார். சில சமயம் அடுத்தடுத்த இரண்டு வாய்ப்புகளிலும் இழப்பார். காலப்போக்கில் சக ஆட்டக்காரர்கள் அவரிடம் பந்தைத் தருவதையே குறைத்துக்கொண்டனர். கூடைக்கு அருகே ஆட வேண்டிய உயரமான ஃபார்வர்டு ஒருவர் பந்தை முன்னே கொண்டுவர, பாயிண்ட் கார்டு ஓரத்தில் நின்று பார்க்கும் விசித்திரமான நிலை உருவாயிற்று. இதற்கு அணியில் முன்வைக்கப்பட்ட தீர்வு, அவருடைய தனிப்பயிற்சி நேரத்தை இரட்டிப்பாக்குவது என்பதாகும். அந்தத் தீர்வு பொருந்தாது என்பதையும், அதற்கு மாற்றாக என்ன செய்யப்பட்டது, அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது.

இழப்புகளைப் பிரித்துப் பார்த்தல்

பந்தை இழந்த தருணங்களைப் போட்டிக் காணொளிகளிலிருந்து தனியே எடுத்து, ஒவ்வொன்றிலும் பந்து போவதற்குச் சற்று முந்தைய டிரிபிளில் (பந்தைத் தரையில் தட்டும் அசைவில்) காட்சியை நிறுத்தி நான்கு விஷயங்களைக் குறித்துக்கொண்டோம்: கண் எங்கே இருந்தது, பந்து எந்த உயரத்தில் இருந்தது, பந்து இல்லாத கை என்ன செய்தது, பாதங்கள் எந்தத் திசையை நோக்கியிருந்தன. எண்ணிக்கைப் பட்டியல் வெறுமனே "டர்ன்ஓவர்" என்று சொல்லி நின்றுவிடும் இடத்தில், இந்த நான்கு குறிப்புகளும் இழப்புக்கு ஒரு காரணத்தைக் கொடுத்தன. எந்தப் பயிற்சியாளரும் ஒரு கைப்பேசியை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியும் என்பதால், பயிற்சி முறைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதை வலியுறுத்த விரும்புகிறேன்.

முதலில் கவனத்தில் பட்டது எதிர்பாராத ஒன்று. பந்து கையிலிருந்து தானாக நழுவிய இழப்புகள் மிக அரிதாகவே இருந்தன. கையின் திறமை காரணமாக இழந்தார் என்று சொல்வதற்கு ஏறக்குறைய ஆதாரமே இல்லை. இழப்புகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கின.

முதல் வகை, தடுப்பாட்டக்காரர் ஒரு கை நீட்டும் தூரத்தில் இருக்கும்போதே பந்தை வலக்கையிலிருந்து இடக்கைக்கு உடலின் முன்புறமாக, இடுப்பு உயரத்தில், மெதுவாகக் கைமாற்றியபோது நேர்ந்தது. கிராஸ்ஓவரின் வடிவம் சரியாகத்தான் இருந்தது. அதைச் செய்யத் தேர்ந்தெடுத்த தூரமும் பந்தின் வேகமும்தான் தவறு.

இரண்டாவது வகையில் அவர் பந்தை டிரிபிளில் இழக்கவே இல்லை. இருவர் சேர்ந்து நெருங்குவதைக் கண்டதும் டிரிபிளை நிறுத்திப் பந்தை இரு கைகளிலும் பிடித்துவிடுவார். பிடித்தபின் மீண்டும் தட்டினால் டபுள் டிரிபிள் எனும் விதிமீறல். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிப்படி, ஒரு மீட்டர் தூரத்துக்குள் நெருக்கமாகத் தடுக்கப்படும் ஆட்டக்காரர் பந்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து வினாடிக்குமேல் நிற்க முடியாது. அந்த நெருக்கடியில் தலைக்குமேல் வீசிய பாஸ்கள் எதிரணியின் கைக்குப் போயின. இது பெரும்பாலும் நடுக்கோட்டைத் தாண்டியவுடன் பக்கக்கோட்டை ஒட்டிய மூலையில் நிகழ்ந்தது என்பது தற்செயல் அன்று. நடுக்கோட்டைத் தாண்டிய பந்து பின்னே திரும்ப முடியாது. பக்கக்கோட்டுக்கு வெளியே போகவும் முடியாது. ஆகவே அந்த மூலையில் இரண்டு கோடுகளும் எதிரணிக்காகத் தடுப்பாடுகின்றன. நல்ல பிரஸ் ஆடும் அணிகள் பந்து வைத்திருப்பவரை வேண்டுமென்றே அந்தப் பக்கமாக ஓட்டிச் செல்லும்.

மூன்றாவது, இடப்பக்கம் போக நேர்ந்தபோதெல்லாம் அவர் கண்ணைத் தரைக்குத் தாழ்த்தினார். பந்தைக் காப்பதற்காக எதிராளிக்கு முதுகைக் காட்டித் திரும்புவார். அந்த ஒரு கணத்தில் கோர்ட்டின் பாதி அவர் பார்வையிலிருந்து மறைந்துவிடும். இரண்டாவது தடுப்பாட்டக்காரர் வந்து பந்தைத் தட்டிவிடுவது எப்போதும் அந்தப் பார்வையற்ற பக்கத்திலிருந்துதான். இதைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்ன பதில் வெளிப்படையானது: "இடது கையில தட்டும்போது பந்தைப் பார்க்கலேன்னா அது போயிடும்னு தோணுது சார்."

நடுவர் விசில் தந்த இழப்புகளும் சில இருந்தன. வேகத்தைக் குறைத்து எதிராளியை ஏமாற்ற முயலும்போது கை பந்தின் அடிப்பக்கத்துக்குப் போய்விட்டதால் கேரி எனும் விதிமீறல். நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது, பந்து கையைவிட்டுப் போகுமுன் பிவட் கால் (ஊன்றி நிற்கும் கால்) தரையைவிட்டு எழும்பியதால் டிராவல் எனும் விதிமீறல். இவை சில பயிற்சிகளிலேயே சரியாகிவிட்டன என்பதால் இவற்றைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை.

பந்து கையில் இல்லாத நேரம்

"பந்தைத் தாழ்வாகத் தட்டு" என்பது கூடைப்பந்துப் பயிற்சியில் ஓயாமல் ஒலிக்கும் அறிவுரை. அது ஏன் சரி, எந்த இடத்தில் போதாது என்பதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்த்தால், இந்த வீராங்கனைக்கு எதைக் கற்பிக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

டிரிபிளில் பந்து இரண்டு நிலைகளில் இருக்கிறது: கையின் கட்டுப்பாட்டில் இருக்கும் நேரம், கையைவிட்டுத் தரைக்குப் போய்த் திரும்பும் நேரம். திருடப்படுவது பெரும்பாலும் இரண்டாவது நேரத்தில்தான். சரியான அளவில் காற்றடைத்த பந்து 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் ஏறத்தாழ ஒரு மீட்டர் எழும்பும் என்று வைத்துக்கொள்வோம். பந்தின் அடிப்பக்கம் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது சுமார் இடுப்பளவில், இருக்கும்போது அது திரும்பிக் கைக்கு எட்டுவதற்குப் போதுமான அளவு மட்டும் மெதுவாகத் தட்டினால், பந்து கையைவிட்டுப் பிரிந்திருக்கும் நேரம் ஏறத்தாழ 0.62 வினாடி. அதே உயரத்திலிருந்து வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பந்தைத் தரையை நோக்கி அழுத்தினால் அந்த நேரம் ஏறத்தாழ 0.40 வினாடியாகக் குறைகிறது. முழங்கால் உயரமான 45 சென்டிமீட்டரில் மெதுவாகத் தட்டினால் ஏறத்தாழ 0.44 வினாடி. கண்ணால் ஒன்றைக் கண்டு கையை அசைக்கத் தொடங்குவதற்கே மனிதருக்குச் சுமார் 0.2 வினாடி ஆகும் என்பதையும், அதன்பின் கை பந்துவரை போக வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 0.62-க்கும் 0.40-க்கும் உள்ள இடைவெளிதான் பந்து பறிபோவதற்கும் பத்திரமாக இருப்பதற்கும் உள்ள இடைவெளி என்பது புரியும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, இடுப்பளவில் ஓங்கித் தட்டிய பந்து முழங்காலளவில் மெல்லத் தட்டிய பந்தைவிடச் சற்று முன்னதாகவே கைக்குத் திரும்பிவிடுகிறது என்பதுதான். உயரத்தைக் குறைப்பது ஒரு வழி. அழுத்தத்தைக் கூட்டுவது இன்னொரு வழி. தாழ்வாகத் தட்டுவதற்கு உடலை மடக்க வேண்டும்; மடக்கிய உடலோடு கோர்ட்டின் நீளத்தை வேகமாகக் கடக்க முடியாது; குனிந்த முதுகு கண்ணையும் கூடவே கீழே இழுத்துச் செல்லும். ஆகவே "தாழ்வாகத் தட்டு" என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு வளரும் ஆட்டக்காரர், தரையைப் பார்த்தபடி மெதுவாக நகர்பவராக ஆகிவிடும் வாய்ப்பு உண்டு. எதிராளி அருகே இருக்கும்போது தாழ்வாகவும், எப்போதும் அழுத்தமாகவும் தட்ட வேண்டும் என்பதே முழுமையான அறிவுரை. வேகமாகத் திரும்பிவரும் பந்தை உள்ளங்கை தடுக்காமல், விரல்களின் அகலப் பரப்பு அதோடு சேர்ந்து மேலே எழும்பி ஏந்திக்கொள்ளும்போது, பந்து கையோடு இருக்கும் நேரமும் கூடுகிறது. திசையை மாற்றுவதும் வேகத்தைக் குறைப்பதும் நடக்கின்ற நேரம் அதுதான்.

இந்த வீராங்கனையின் தனிப்பயிற்சியில் ஓங்கித் தட்டும் பழக்கமே இருக்கவில்லை. தடுமாறாமல் நெடுநேரம் தட்டுவதே அவருக்குக் குறிக்கோளாக இருந்ததால், கை மிக இதமான, மெதுவான தாளத்துக்குப் பழகியிருந்தது. தனியே தவறாமல் தட்டுவதற்கு உதவிய அதே தாளம்தான் ஆட்டத்தில் எதிராளிக்கு நேரம் கொடுத்தது.

பயிற்சித் திட்டமும் அதன் பின்னுள்ள எண்ணமும்

ஒரே அசைவைத் தொடர்ந்து திரும்பச் செய்யும் பயிற்சி அந்தப் பயிற்சி நேரத்தில் வேகமான முன்னேற்றத்தைக் காட்டும். பல அசைவுகளைக் கலந்து, அடுத்து எது வரும் என்று தெரியாதபடி செய்யும் பயிற்சியில் முன்னேற்றம் மந்தமாகத் தெரிந்தாலும் கற்றது பின்னாளில் நிலைத்திருக்கும். உடலசைவுக் கல்வியில் ஷியாவும் மார்கனும் 1979-இல் வெளியிட்ட ஆய்வு இதை முன்வைத்தது. இறகுப்பந்து சர்வீஸ் வகைகளைக் கொண்டு கூடும் மாகிலும் 1986-இல் செய்த ஆய்விலும் இதே போக்கு தெரிந்தது. இது எல்லாத் திறமைக்கும் எல்லா வயதுக்கும் ஒரே அளவில் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அடிப்படை அசைவுகளை ஏற்கெனவே கற்றுவிட்ட ஒருவர் அவற்றை ஆட்டத்தில் பயன்படுத்த முடியாமல் திணறும்போது, முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியது இந்தத் திசையைத்தான்.

எனவே நின்ற இடத்துப் பயிற்சிகளை அடியோடு நீக்கவில்லை, சுருக்கினோம். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்ற மூன்று உயரங்களிலும் ஒவ்வொரு கையாலும் 30 வினாடி, முடிந்த அளவு ஓங்கித் தட்ட வேண்டும். பந்து நழுவி ஓடினால் குற்றமில்லை, மெதுவாகத் தட்டுவதுதான் குற்றம் என்று விதியை மாற்றினோம். எதிரே நிற்பவர் விரல்களை மாற்றி மாற்றிக் காட்ட, இவர் எத்தனை விரல் என்று உரக்கச் சொல்ல வேண்டும். பின்னர் ஒரு கையால் பந்தைத் தட்டிக்கொண்டே மறுகையால் டென்னிஸ் பந்தை எறிந்து பிடிக்கும் பயிற்சி சேர்ந்தது. டென்னிஸ் பந்தைப் பார்க்காமல் பிடிக்க முடியாது என்பதால், கண்ணை மேலே எடு என்று யாரும் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

அறிவுரை சொல்லும் விதத்திலும் ஒரு மாற்றம் செய்தோம். மணிக்கட்டை இப்படி வை, விரலை அப்படி வை என்று உடலின் உறுப்பைக் காட்டிச் சொல்வதைவிட, அசைவு வெளியே உண்டாக்கும் விளைவைக் கவனிக்கச் சொல்வது கற்றலுக்கு உதவுகிறது என்பது உடலசைவு ஆய்வாளர் கேப்ரியல் வுல்ஃப் முதலானோர் தொடர்ந்து ஆய்ந்துவரும் கருத்து. இவரிடம் பந்து தரையில் எழுப்பும் ஒலியைக் கேட்கச் சொன்னோம். மெதுவாகத் தட்டிய பந்து மந்தமாக ஒலிக்கும். அழுத்தித் தட்டிய பந்து வெடிப்பாக ஒலிக்கும். வலக்கையின் ஒலியும் இடக்கையின் ஒலியும் ஒன்றுபோல் கேட்கும்வரை தட்டு என்பதுதான் கட்டளை. இடக்கை எந்த அளவு பின்தங்கியிருக்கிறது என்பதை அவரே தம் காதால் உணர்ந்தது, அதுவரை பலர் எடுத்துச் சொன்னதைவிடப் பயனுள்ளதாக இருந்தது.

கூம்பு வடிவக் கோன்களை வரிசையாக வைத்து அவற்றிடையே வளைந்து வளைந்து ஓடும் பயிற்சியை விரைவிலேயே கைவிட்டோம். கோன் கை நீட்டாது, நகராது, ஏமாறவும் செய்யாது. அதன் முன்னால் செய்யும் கிராஸ்ஓவரை எந்தத் தூரத்தில் செய்தாலும் வெற்றிதான் என்பதால், எந்தத் தூரத்தில் செய்ய வேண்டும் என்ற கேள்வியே ஆட்டக்காரருக்கு எழுவதில்லை. முற்றிலும் புதியவருக்குத் திசைமாற்றத்தை அறிமுகம் செய்ய அது போதும், இவருக்குப் போதாது. கோன் இருந்த இடத்தில் ஒரு சக ஆட்டக்காரரை நிறுத்தி, அவர் ஓரடி மட்டும் நகரலாம், ஒரு கையை மட்டும் நீட்டலாம் என்று வரையறுத்தோம். ஒரே ஒரு கை குறுக்கே வந்ததும் கைமாற்றும் தூரம் தானாகவே மாறத் தொடங்கியது.

பின்வாங்கும் டிரிபிள்

இந்தத் திட்டத்தில் எதற்கு அதிக நேரம் கொடுத்தோம் என்று கேட்டால், பார்வைக்கு மிகச் சாதாரணமாகத் தோன்றும் பின்வாங்கும் டிரிபிளுக்கு என்பதே பதில். இருவர் நெருங்கும்போது இந்த வீராங்கனைக்கு இரண்டே வழிகள் தெரிந்திருந்தன: இடையே புகுந்து போவது, அல்லது பந்தைப் பிடித்துவிடுவது. மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதையே அவர் அறியாதிருந்தார். நான் கண்ட இளம் ஆட்டக்காரர்கள் பலரிடமும் இதே குறை உண்டு. பின்னால் போவது தோல்வி என்ற எண்ணம் எப்படியோ அவர்கள் மனத்தில் ஊறிவிடுகிறது.

இதைச் செய்யும் முறை பின்வருமாறு. பந்து இடக்கையில் இருப்பதாகக் கொள்வோம். வலத் தோளும் வல இடுப்பும் எதிராளியை நோக்கித் திரும்ப, உடல் பக்கவாட்டில் நிற்கிறது. பந்து பின்காலான இடப்பாதத்துக்கு அருகில், உடலுக்கு மறைவாகத் தட்டப்படுகிறது. முன்னங்கை மடங்கி எதிராளிக்கும் பந்துக்கும் நடுவே இருக்கிறது. அதனால் தள்ளினால் ஃபவுல், சும்மா இருந்தால் அரண். முகம் திரும்பி, தாடை வலத் தோளுக்குமேல் இருக்கும். அப்போதுதான் முன்னே இருக்கும் இருவரும் அவர்களுக்குப் பின்னே இருக்கும் சக ஆட்டக்காரர்களும் ஒருசேரக் கண்ணில் படுவார்கள். இந்த நிலையில் பாதங்கள் ஒன்றையொன்று குறுக்கிடாமல், இழுத்து இழுத்து, இரண்டு வலுவான டிரிபிள்களில் பின்னே நகர வேண்டும். நெருக்க வந்த இருவரும் அந்த இரண்டு டிரிபிள் நேரத்தில் ஒன்று தொடர்ந்து முன்னேறி ஒருவரையொருவர் விட்டுப் பிரிவார்கள், அல்லது தயங்கி நிற்பார்கள். பிரிந்தால் இடையே வழி திறக்கும்; தயங்கினால் கைமாற்றி எதிர்ப்பக்கமாகப் புறப்படத் தேவையான தூரம் கிடைக்கும். முதல் வகை இழப்புக்குக் காரணமான, எதிராளியின் கைக்கெட்டும் தூரத்தில் செய்த கிராஸ்ஓவருக்கும் இதுவே மருந்து என்பது பிறகுதான் எங்களுக்குத் தெளிவாயிற்று. கைமாற்றுவதற்கு முன் தூரத்தை உண்டாக்கிக்கொண்டால், கைமாற்றும் வேகம் சற்றுக் குறைந்தாலும் பந்து தப்பிவிடுகிறது.

நடுக்கோட்டைத் தாண்டியபின் பின்வாங்கப் போதிய இடம் இருக்காது என்பதால், பந்தை எங்கே கொண்டுபோவது என்பதும் இதோடு சேர்த்துக் கற்பிக்கப்பட்டது. இரண்டாமவர் வருவது தெரிந்தால் நடுக்கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே பின்வாங்கிப் பக்கத்தை மாற்ற வேண்டும். பந்தைப் பாதி கோர்ட்டைக் கடத்த எட்டு வினாடி இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, முதல் சில வினாடிகளுக்குள்ளேயே அந்த முடிவை எடுக்க வேண்டும்.

முடிவெடுக்க வைக்கும் விளையாட்டுகள்

ஒவ்வொரு பயிற்சி நாளின் பிற்பகுதியும் சிறு விளையாட்டுகளுக்கு ஒதுக்கப்பட்டது. பக்கக்கோட்டை ஒட்டி மூன்று மீட்டர் அகலமுள்ள ஒரு பாதைக்குள் ஒருவருக்கு எதிராக ஒருவர். பிறகு கோர்ட்டின் பாதி அகலத்தில் இவர் ஒருவர், எதிரே இருவர், எட்டு வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். பிறகு இவருக்குத் துணையாக ஒருவர் சேர்ந்து இருவருக்கு எதிராக மூவர். இதில் ஒவ்வொரு முறையும் தடுப்பாட்டக்காரர்கள் எந்த இடத்திலிருந்து தொடங்குவார்கள் என்பதை மாற்றிக்கொண்டே இருந்தோம்.

இந்த விளையாட்டுகளில் சேர்த்த ஒரு நிபந்தனை எதிர்பார்த்ததற்கும் மேலாகப் பயன் தந்தது. டிரிபிளை நிறுத்திப் பந்தைப் பிடிப்பதானால், பிடிப்பதற்கு முன்பே யாருக்குப் பாஸ் கொடுக்கப்போகிறார் என்று அவருடைய பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாமல் பிடித்தால் பந்து எதிரணிக்கு. இது ஒரே சமயத்தில் இரண்டு காரியங்களைச் செய்தது. பதற்றத்தில் பந்தைப் பிடிக்கும் பழக்கம் உடைந்தது. பெயர் சொல்ல வேண்டுமானால் ஆளைப் பார்த்தாக வேண்டும் என்பதால் கண் தரையைவிட்டு எழுந்தது. கூடவே, எங்கே நின்றால் தம் பெயர் கூப்பிடப்படும் என்று சக ஆட்டக்காரர்களும் யோசிக்கத் தொடங்கினார்கள்.

கூடைப்பந்து தோன்றிய 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் வகுத்த விதிகளில் டிரிபிள் என்பதே கிடையாது என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். பந்தோடு ஓடக் கூடாது, நின்ற இடத்திலிருந்து எறிய வேண்டும் என்பதுதான் விதி. வழி அடைபட்ட ஆட்டக்காரர்கள் பந்தைத் தரையில் போட்டுத் தாங்களே மீண்டும் எடுத்துக்கொண்டதிலிருந்துதான் டிரிபிள் வளர்ந்தது. 1927-இல் அமெரிக்க விதிக்குழு டிரிபிளை ஒரே தட்டுக்குள் சுருக்க முடிவெடுத்து, பயிற்சியாளர்களின் எதிர்ப்பால் அதைக் கைவிட்டதும் உண்டு. டிரிபிள் என்பது பாஸ் கொடுக்க வழியில்லாதபோது அந்த வழியை உண்டாக்கிக்கொள்ளும் கருவி. பெயர் சொல்லும் நிபந்தனை அந்தப் பழைய உறவை மீட்டுத் தந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

என்ன நடந்தது

தொடக்கத்தில் எல்லாம் மோசமாயிற்று. ஓங்கித் தட்டியதால் பந்து காலில் பட்டு ஓடியது. ஒருவருக்கு எதிராக இருவர் ஆட்டத்தில் பெரும்பாலும் தோற்றார். முன்பு பயிற்சியில் அழகாகத் தெரிந்தவர் இப்போது தடுமாறுபவராகத் தெரிந்தார். பழைய பயிற்சிக்கே திரும்பலாமா என்ற பேச்சும் எழுந்தது. கலப்புப் பயிற்சியின் தன்மையே இப்படித்தான் என்று தெரிந்திருந்தாலும், கண்ணெதிரே ஒருவர் திணறுவதைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருப்பது எளிதன்று; வீராங்கனைக்கு அது இன்னும் கடினம். அந்த நாட்களில் அவரை நிறுத்திவைத்தது போட்டி முடிவுகள் அல்ல, காணொளியில் அவரே குறித்துக்கொண்ட அந்த நான்கு கேள்விகள்தான். பந்தை இழந்திருந்தாலும் இழக்கும்போது கண் மேலே இருந்தது என்று அவரால் காட்ட முடிந்தது.

மாற்றங்கள் ஒரே வேகத்தில் வரவில்லை. கண் முதலில் மாறியது. அதை அடுத்து, பந்தைப் பிடித்துவிட்டுத் திகைத்து நிற்பது போட்டிகளிலும் தெளிவாகக் குறைந்தது. நெருக்கம் வரும்போது பின்வாங்கி மறுபக்கம் போவது அவருடைய இயல்பாகவே ஆயிற்று. எதிரணிகள் இதைக் கண்டு பிரஸ் ஆட்டத்தைச் சீக்கிரமே விட்டுவிட்ட ஆட்டங்களும் உண்டு. சக ஆட்டக்காரர்கள் மறுபடி அவரிடம் பந்தைக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஃபார்வர்டு தம் இடத்துக்குத் திரும்பினார்.

இடக்கை மட்டும் பின்தங்கியே இருந்தது. நேராக ஓடும்போது இடக்கையில் கண்ணைத் தாழ்த்தாமல் தட்ட அவரால் முடிகிறது. ஆனால் இடக்கையில் வேகத்தைக் குறைத்து மீண்டும் கூட்டும்போது பந்து உடலைவிட்டு விலகிப் போகிறது. அதைவிடக் கவலைக்குரியது, ஆட்டத்தின் இறுதிப் பகுதியில் களைப்பு ஏறியதும் இருவர் நெருக்கினால் பந்தைப் பிடித்துவிடும் பழைய பழக்கம் தலைதூக்குவது. களைப்பில் புதிய பழக்கம் பின்வாங்கிப் பழையது முன்வருவது இயல்பானதுதான் என்றாலும், போட்டிகள் பெரும்பாலும் தீர்மானிக்கப்படுவது அந்த நேரத்தில்தான்.

கைவிட்டவையும் எதிர்வாதமும்

பார்வையின் கீழ்ப்பகுதியை மறைக்கும் கண்ணாடியைச் சிறிது காலம் பயன்படுத்திப் பார்த்தோம். பந்தைப் பார்க்க முடியாதபடி அது தடுத்தது உண்மை. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அது கற்றுத்தரவில்லை. கண்ணாடியைக் கழற்றியதும் பார்வை பழையபடி அலைந்தது. விரல்களைச் சொல்வதும் பெயரைக் கூப்பிடுவதும் கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்ததால் அவற்றின் பயன் நிலைத்தது. எடை கூடிய பந்தை நாங்கள் எடுக்கவே இல்லை. பெண்கள் ஆட்டத்துக்குரிய 6-ஆம் அளவுப் பந்தின் எடையும் அது எழும்பும் நேரமும்தான் கை பழக வேண்டியவை. வேறொரு எடைக்குத் தாளம் பழகிவிட்டு மீண்டும் மாற்றிக்கொள்வதில் இலாபம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தனிப்பயிற்சிக்கு ஆதரவாகப் பெரிய ஆட்டக்காரர்களை எடுத்துக்காட்டுவோர் உண்டு. அமெரிக்க ஆட்டக்காரர் பீட் மாராவிச் சிறுவயதில் தந்தை வகுத்துக்கொடுத்த பந்துப் பயிற்சிகளை இடைவிடாமல் செய்தவர். கல்லூரி ஆட்டங்களில் சராசரியாக 44.2 புள்ளிகள் எடுத்தவர். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் ஸ்டீஃபன் கரி போட்டிக்கு முன் இரண்டு பந்துகளைத் தட்டி உடலைத் தயார்செய்வதைக் காண்பதற்கென்றே ரசிகர்கள் முன்கூட்டியே வந்து அமர்வதுண்டு. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் நம் கண்ணில் படுவது அவர்களுடைய பயிற்சியின் ஒரு துண்டு. தடுப்பாட்டக்காரர்களுக்கு எதிராக அவர்கள் ஆடித்தீர்த்த ஆட்டங்களின் அளவு கண்ணில் படுவதில்லை. அந்தத் துண்டை மட்டும் எடுத்துத் தன் முழுப் பயிற்சியாக ஆக்கிக்கொண்டவர்தான் இந்த வீராங்கனை.

இந்த நிகழ்வைப் பிறருக்குப் பொருத்தும்போது

இது ஒரே ஒருவரைப் பற்றிய பதிவு. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவர் இல்லை. இதே காலத்தில் அவர் உடல் வலுவும் கூடியது. பெயர் சொல்லும் நிபந்தனையால் சக ஆட்டக்காரர்கள் நிற்கும் இடங்களும் சீரடைந்தன. இழப்புகள் குறைந்ததில் இவற்றின் பங்கு எவ்வளவு, டிரிபிளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது.

பந்தை இப்போதுதான் தொட்டிருக்கும் பத்து வயதுச் சிறுவர் சிறுமியருக்கு இந்தத் திட்டத்தை அப்படியே கொடுப்பது தவறாகும். அவர்களுக்குக் கை இன்னும் பந்தை அறியவில்லை; நின்ற இடத்தில் தட்டிப் பழகுவதும், கைக்கேற்ற சிறிய பந்தைப் பயன்படுத்துவதும், ஒரே அசைவைப் பலமுறை செய்வதும் அவர்களுக்கு முறையான தொடக்கம். திறன் கற்றலுக்கு ஃபிட்ஸும் போஸ்னரும் 1967-இல் வகுத்த மூன்று நிலைகளில், ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்யும் முதல் நிலையில் இருப்பவருக்கு எதிரே இருவரை நிறுத்தினால் பயம்தான் மிஞ்சும். பயிற்சியாளர் பார்க்க வேண்டியது, ஆட்டக்காரர் எதிராளி இல்லாதபோது பந்தை இழக்கிறாரா, எதிராளி வந்தபின் இழக்கிறாரா என்பதைத்தான். முன்னதானால் கைக்குப் பயிற்சி. பின்னதானால் கண்ணுக்கும் காலுக்கும் முடிவெடுப்பதற்கும் பயிற்சி.

இந்த வீராங்கனைக்கான அடுத்த கட்டத்தில் பயிற்சிகளின் வரிசை தலைகீழாக்கப்பட்டுள்ளது. ஒருவருக்கு எதிராக இருவர் ஆட்டம் இப்போது ஓட்டப் பயிற்சிகள் அனைத்தும் முடிந்து கால்கள் கனத்திருக்கும் கடைசி நேரத்தில் வருகிறது. அதில் தொடக்கம் எப்போதும் இடக்கையில், பக்கக்கோட்டை ஒட்டிய மூலைக்கு அருகில். போட்டிக் காணொளிகளில் இனி நான்காவது கால்பகுதி மட்டும் தனியே எடுக்கப்பட்டு, அதே நான்கு கேள்விகளைக் கொண்டு குறிக்கப்படும்.